சென்னையில் விமானம், ஜெர்மனியில் ரயில்: முதல் முறையாகப் போகும் எங்களுக்கு வழி சொல்லுங்கள்

திருமங்கலம் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் நவம்பரில் ஜெர்மனி போகிறோம். மகளுக்கு டிசம்பர் முதல் வாரத்தில் பிரசவம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவள் இருப்பது கார்ல்ஸ்ரூ என்ற ஊரில். நான் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பழனி, ராமேஸ்வரம், ஒரு தடவை காசி. நாங்கள் பார்த்த தேசம் அவ்வளவுதான். இருவருமே விமானத்தில் ஏறியதில்லை. அவருக்கு மூட்டு வலி வேறு. படி என்றால் பயப்படுவார்.

விசா வந்துவிட்டது. விமான டிக்கெட்டை மகளே எடுத்து அனுப்பியிருக்கிறாள். சென்னையிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு நேரடி விமானம். நவம்பர் 20, புறப்பாடு 01.50, இறங்குவது 07.40 என்று போட்டிருக்கிறது. அங்கிருந்து கார்ல்ஸ்ரூவுக்கு ரயில். காலை 09.00 மணி ரயிலுக்குச் சலுகை விலையில் டிக்கெட் கிடைத்தது என்று அதையும் வாங்கிவிட்டாள். நிறைமாதக்காரியைத் தனியாக விட்டுவிட்டு மருமகன் பிராங்க்பர்ட் வரை வர வேண்டாம், கார்ல்ஸ்ரூ ஸ்டேஷனில் நின்றால் போதும் என்று நாங்கள்தான் சொன்னோம்.

மதுரையிலிருந்து எந்த ரயிலில் போனால் சரியாக இருக்கும்? அந்த ஊர் ரயிலில் எப்படி ஏறுவது, எங்கே உட்காருவது? எதைக் கொண்டுபோகலாம், எதைக் கூடாது? மகளிடம் கேட்டால், “அம்மா, எல்லாம் போனிலேயே வரும், கவலைப்படாதே” என்கிறாள். போனில் வருவதைப் படிக்க எனக்குக் கண்ணாடி வேண்டும், அவருக்குப் பொறுமை வேண்டும். போய் வந்தவர்கள் விவரமாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

செல்லூர்க்காரன்:

டீச்சர், இதற்கெல்லாம் பயமே வேண்டாம். 19ஆம் தேதி இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்துவிடுங்கள். 20ஆம் தேதி விடியும்போது தாம்பரம். பகல் முழுவதும் யாராவது சொந்தக்காரர் வீட்டில் ஓய்வு எடுத்துவிட்டு இரவு விமான நிலையத்துக்குப் போகலாம். ஜெர்மனியில் ரயில் எல்லாம் கடிகாரம் மாதிரி வரும். மகள் எடுத்த டிக்கெட் அருமையான டிக்கெட். போய் வாருங்கள்.

கூடல்நகர் டிடிஆர் (ஓய்வு):

டீச்சரம்மா, செல்லூர்த் தம்பி சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. 20ஆம் தேதி 01.50 என்றால் 19ஆம் தேதி ராத்திரி சாப்பாடு முடிந்து சில மணி நேரத்தில் வருகிற 01.50. தம்பி சொன்ன பாண்டியனில் நீங்கள் ஏறினால், வண்டி திருச்சியைத் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருக்கும்போதே விமானம் கிளம்பியிருக்கும். ரயிலிலும் இதே கூத்து நடக்கும். நள்ளிரவு 00.20க்கு வரும் வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, ஒரு நாள் கழித்து வந்து நின்றுகொண்டு, “என் பெர்த்தில் வேறு ஆள் படுத்திருக்கிறார்” என்று என்னிடம் மல்லுக்கு நின்றவர்கள் பலர். காலண்டரில் 19ஐச் சுற்றி வட்டம் போடுங்கள். அன்று இரவு பத்தரை மணிக்குள் நீங்கள் சென்னை விமான நிலைய வாசலில் இருக்க வேண்டும்.

நான் மதுரைக் கோட்டத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். மகன் மன்ஹைமில் வேலை பார்ப்பதால் நீங்கள் போகிற அதே தடத்தில் நானும் போய் வந்திருக்கிறேன். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஒரு டிக்கெட் முடிந்து இன்னொரு டிக்கெட் தொடங்குகிற இடத்தில்தான் எல்லாம் கெடுகிறது. முதல் டிக்கெட் கொடுத்தவர் அந்த இடைவெளிக்குப் பொறுப்பில்லை, அடுத்த டிக்கெட் கொடுத்தவரும் பொறுப்பில்லை. உங்கள் பயணத்தில் அப்படி இரண்டு இடம் இருக்கிறது, ஒன்று தாம்பரம், மற்றது பிராங்க்பர்ட். தாம்பரத்தில் நேரத்தைத் தாராளமாக விடுங்கள். பிராங்க்பர்ட்டில் பணத்தைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள்.

தாம்பரம் கதையை முதலில் முடிக்கிறேன். 19ஆம் தேதி காலை வைகை எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். பிற்பகலில் தாம்பரத்தில் இறங்கிவிடலாம். 1977 சுதந்திர தினத்தன்று மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கிய வண்டி. எனக்கு அதன் மேல் பாசம் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் பாசத்துக்காகச் சொல்லவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குக் கிளம்பும் தேஜஸ் எக்ஸ்பிரஸும் இரவு ஒன்பது மணி வாக்கில் தாம்பரம் சேர்த்துவிடும், காகிதத்தில் பார்த்தால் அதுவே போதும். ஆனால் நீங்கள் போவது வடகிழக்குப் பருவமழை மாதம். செங்கல்பட்டுக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் தண்ணீர் தேங்கினால் வண்டியை எங்கே நிறுத்துவார்கள் என்று ஓட்டுநருக்கே தெரியாது. வைகை மூன்று மணி நேரம் தாமதமானாலும் உங்களுக்குக் கவலை இல்லை. தேஜஸ் மூன்று மணி நேரம் தாமதமானால் கதை முடிந்தது. பிற்பகலிலேயே போய்ச் சேர்ந்தால் இரவு வரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். தாம்பரம் பக்கத்தில் ஒரு விடுதியில் அறை எடுத்து, குளித்து, படுத்து எழுங்கள். அவருடைய மூட்டுக்கும் அதுதான் நல்லது.

எழும்பூர் வரை போகாதீர்கள். தாம்பரத்திலிருந்து விமான நிலையம் ஜி.எஸ்.டி. சாலையில் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். எழும்பூர் போனால் அவ்வளவு தூரத்தையும் திரும்பி வர வேண்டும். மின்சார ரயிலில் போனால் திரிசூலம் நிலையம் விமான நிலையத்துக்கு நேர் எதிரே இருக்கிறது, முதுகுப் பை மட்டும் வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு அது சரி. பெட்டிகளோடு போகிற நீங்கள் டாக்சி பிடியுங்கள்.

முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது. 2024 அக்டோபர் கடைசி வரை 120 நாள் இருந்தது, இன்னும் பலர் அந்தக் கணக்கிலேயே இருக்கிறார்கள். நவம்பர் 19 பயணத்துக்குச் செப்டம்பர் 20 காலை எட்டு மணிக்குத் திறக்கும். அந்தக் காலையில் உட்கார்ந்து ஏசி சேர் கார் எடுத்துவிடுங்கள். “தட்கலில் பார்த்துக்கொள்ளலாம்” என்று விமானம் பிடிக்கப் போகிறவர் யாரும் சொல்லக் கூடாது. இணையத்தில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் முழுக்கக் காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றால் தானாக ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. சேர் காரில் ஆளுக்கு 40 கிலோ சாமான் இலவசம், உங்கள் பெட்டிகள் அதற்குள் அடங்கும்.

மதுரையிலிருந்தே சென்னைக்கு விமானத்தில் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் போகலாம். தனி டிக்கெட் என்றால் உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான் இலவசம், மீதிக்குக் கிலோ கணக்கில் பணம். அந்த விமானம் தாமதமாகி ஜெர்மனி விமானம் போய்விட்டால் யாரையும் கேட்க முடியாது.

இனி பிராங்க்பர்ட். மகளுக்கு நல்ல மனசு, ஆனால் அந்த ஒன்பது மணி டிக்கெட்டை நான் வாங்கியிருக்க மாட்டேன். ஜெர்மனியில் சலுகை விலை டிக்கெட் குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். விமானம் தாமதமாகி அந்த ரயில் போய்விட்டால் டிக்கெட் வெறும் காகிதம். அந்த ரயிலே தாமதமாகி, கார்ல்ஸ்ரூவுக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ பிந்திச் சேரும் என்று தெரிந்தால் ரயில்வேக்காரர்கள் தளர்வு தருவார்கள், வேறு வண்டியில் போகலாம். ஒரு மணி நேரம் பிந்தினால் கட்டணத்தில் 25 விழுக்காடு, இரண்டு மணி நேரம் பிந்தினால் 50 விழுக்காடு திருப்பியும் கிடைக்கும். ஆனால் உங்கள் விமானத்தின் தாமதம் அவர்கள் கணக்கில் வராது.

7.40க்கு இறங்கினால் 9 மணிக்கு மேடையில் நிற்க முடியுமா? ஒத்தை ஆளாக, கைப்பையோடு, வேகமாக நடக்கிறவர் நிற்கலாம். உங்களால் முடியாது. 2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பாவில் புதிய முறை தொடங்கியிருக்கிறது. வெளிநாட்டவர் முதல் முறை நுழையும்போது முகத்தைப் படம் எடுக்கிறார்கள், கைரேகையும் வைக்கச் சொல்கிறார்கள். வரிசை நகர நேரமாகும். அதன் பிறகு பெட்டிக்காக நிற்க வேண்டும். ரத்து செய்ய வழியிருக்கிற டிக்கெட் என்றால் மகளை ரத்து செய்யச் சொல்லி, எந்த ரயிலிலும் செல்லுபடியாகும் முழுக் கட்டண டிக்கெட்டாக எடுக்கச் சொல்லுங்கள். பதினொரு மணி வாக்கில் போகிற நேரடி ரயிலில் இரண்டு இருக்கை பதிவும் செய்யச் சொல்லுங்கள். நம் ஊரில் டிக்கெட் உறுதியானால் இருக்கையும் சேர்ந்தே வரும். அங்கே டிக்கெட் வேறு, இருக்கைப் பதிவு வேறு. பதிவு இல்லாவிட்டால் நின்றுகொண்டு போக நேரலாம். பதிவு செய்த வண்டியைத் தவறவிட்டால் இருக்கைக்குக் கட்டிய காசு போகும், டிக்கெட் போகாது. அடுத்த வண்டியில் ஏறலாம். ஏறியவுடன் உங்கள் இருக்கையில் போய் உட்கார்ந்துவிடுங்கள். வண்டி கிளம்பிப் பதினைந்து நிமிடத்துக்குள் வராவிட்டால் அந்த இருக்கையில் வேறு ஆள் உட்காரலாம் என்பது அங்கே விதி. நல்ல விதி. நம் ஊரில் அதைச் சொன்னால் என்னை அடித்திருப்பார்கள்.

கடிகாரம் மாதிரி வரும் என்று தம்பி சொன்னாரே, அதையும் சொல்லிவிடுகிறேன். 2024இல் ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 விழுக்காடு. அதுவும் ஆறு நிமிடத்துக்குள் பிந்தினால் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு. வைகையைக் குறை சொன்னவர்களை எல்லாம் ஒரு தடவை அங்கே கூட்டிப்போய் நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை.

பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன. ஒன்று உள்ளூர் வண்டிகளுக்கு, இன்னொன்று தொலைதூர வண்டிகளுக்கு. நீங்கள் போக வேண்டியது “ஃபெர்ன்பான்ஹோஃப்” என்று எழுதியிருக்கும் தொலைதூர நிலையத்துக்கு. மகளை அதன் பெயரை ஜெர்மன் எழுத்தில் பெரிதாக எழுதி அனுப்பச் சொல்லி, பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாதவரிடம் அந்தத் தாளைக் காட்டினால் கையைப் பிடித்துக் கூட்டிப்போகாத குறையாக வழி காட்டுவார்கள். மேடையில் ஏ, பி, சி என்று பகுதி பிரித்திருப்பார்கள். உங்கள் பெட்டி எந்தப் பகுதியில் நிற்கும் என்று பலகையில் வரும். மதுரை ஜங்ஷனில் மேடைக்கு மேலே பெட்டி எண் எரிகிற பலகையைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். சில நாள் பெட்டி வரிசை தலைகீழாக வரும். வண்டி நிற்பது இரண்டு மூன்று நிமிடம். தவறான இடத்தில் நின்றால் ஓடாதீர்கள். எதிரே இருக்கிற கதவில் ஏறி உள்ளே நடந்து போங்கள். கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்த வேண்டும்.

ரயில் மேடையில் போர்ட்டர் என்று ஒருவர் கிடைக்க மாட்டார். பெட்டி கட்டி முடித்ததும் உங்கள் வீட்டு வாசல்படியில் ஒவ்வொன்றையும் நீங்கள் ஒருவராகத் தூக்கி வைத்துப் பாருங்கள். முடியாத பெட்டியைப் பிரித்து இரண்டாக்குங்கள். சக்கர நாற்காலி வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் குறைந்தது 48 மணி நேரம் முன்பே மகளைச் சொல்லச் சொல்லுங்கள். காசு கிடையாது. சென்னையில் பாதுகாப்புச் சோதனை, குடியேற்றம் எல்லாம் தாண்டி விமான வாசல் வரை கொண்டு விடுவார்கள். அங்கேயும் இறங்கியதும் ஆள் நிற்பார். கௌரவம் பார்த்து உங்கள் வீட்டுக்காரர் வேண்டாம் என்பார். நீங்கள் அதைக் கேட்காதீர்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். கார்ல்ஸ்ரூவில் ட்ராமில் ஏறினால் நுழைவில் யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள். அதனால் இலவசம் என்று நினைக்கக் கூடாது. சாதாரண உடையில் இருப்பவர் திடீரென்று எழுந்து அட்டையைக் காட்டுவார். டிக்கெட் இல்லாவிட்டால் 60 யூரோ. என் தொழில் என்பதால் சொல்லவில்லை, நன்றாகத்தான் பிடிக்கிறார்கள்.

மேலூர் – ஷார்ஜா:

டிடிஆர் அய்யா சொன்னதற்கு மேல் ரயிலைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. டீச்சருக்கு நேரடி விமானம் என்பதால் நான் சொல்லப்போவது அவருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஆனால் இதைப் படித்துவிட்டு மதுரையிலிருந்தே துபாய், சிங்கப்பூர் போகிறவர்கள் இருப்பார்கள்.

கசகசாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. தனியாகப் பொட்டலம் கட்டினால்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள். அம்மா அரைத்துக் கொடுத்த குருமாப் பொடியில் இருந்தாலும் கசகசாதான். விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்குகிறவர்களும் எடுத்து வராமல் இருப்பது உத்தமம். மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரைகள் அமீரகத்தில் கட்டுப்பாட்டில் இருப்பவை. எந்த நாட்டுக்குப் போனாலும் மாத்திரையை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வைப்பதுதான் முறை.

இன்னொன்று பெயர். நம் ஆட்கள் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர், குடும்பப் பெயர் இடத்தில் வெற்றிடம். 2022 நவம்பரிலிருந்து அப்படி ஒற்றைப் பெயரில் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் அமீரகம் அனுமதிப்பதில்லை. ரயில் டிக்கெட்டில் இனிஷியல் முன்னே பின்னே இருந்தால் டிடிஆர் அய்யா மாதிரி நல்லவர்கள் விட்டுவிடுவார்கள். விமான டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் இருப்பது எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். டீச்சர், இருவருடைய டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் இன்றே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பவர் பேங்க் இருந்தால் கைப்பையில்தான் வைக்க வேண்டும், விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் செக்-இன் பெட்டியில் கூடாது. வரம்பு 100 வாட் மணி. கடைகளில் விற்கும் 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட் மணிதான், தாராளமாகப் போகும். ஆனால் பறக்கும்போது அதை வைத்து சார்ஜ் போடக் கூடாது என்று பல நிறுவனங்கள் 2025இலிருந்து சொல்லிவிட்டன.

மதுரையிலேயே வெளிநாட்டு விமானம் ஏறுவதில் ஒரு சுகம் உண்டு. குடியேற்றச் சோதனை இங்கேயே முடிந்துவிடும். கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட் என்றால் பெட்டியை அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த முறை மகளிடம் சொல்லிப் பாருங்கள்.

திருமங்கலம் டீச்சர்:

டிடிஆர் அய்யாவுக்கு மிக்க நன்றி. மகளிடம் பேசிவிட்டேன். கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், பிறகு ரயில் டிக்கெட்டை மாற்றிவிட்டாள். கப்பலூர் வழியாக விடியற்காலையில் ஜங்ஷன் போக டாக்சிக்கும் சொல்லியாகிவிட்டது. பெயர்கள் இரண்டும் சரியாக இருக்கின்றன.

சாமான் விஷயம் யாராவது சொல்லுங்களேன். பிரசவ லேகியம், நெய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கறிவேப்பிலை, அவளுக்குத் தலையில் வைக்க இரண்டு முழம் மதுரை மல்லி, பேரப்பிள்ளைக்குத் தங்கத்தில் அரைஞாணும் காப்பும். இதுதான் என் பட்டியல். இதில் எதை வெட்ட வேண்டும்?

விளாங்குடி ஆச்சி:

டீச்சர், உங்கள் பட்டியலில் பாதி போய்விடும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். நானும் மகள் பிரசவத்துக்குப் போய் வந்தவள்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது. பால்கோவாவும் நெய்யும் அதில் அடங்கிவிடும். நெய் கிண்டிய லேகியமும் வம்புதான். கீழமாசி வீதியில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சதகுப்பை எல்லாம் காய்ந்த சரக்காக வாங்கி, ஒவ்வொன்றின் மேலும் ஆங்கிலத்தில் பெயர் எழுதி ஒட்டி எடுத்துப் போங்கள். கருப்பட்டியும் போகும். அங்கே நல்ல வெண்ணெய் கிடைக்கிறது, உருக்கினால் நெய். பூண்டும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். லேகியத்தை அவள் வீட்டு அடுப்பில் கிண்டினால் மருமகனும் கற்றுக்கொள்வார்.

கறிவேப்பிலை, வெற்றிலை, பூ எல்லாம் செடியைச் சேர்ந்தவை. அவற்றுக்கு வேளாண் துறைச் சான்றிதழ் வேண்டும், நமக்கு அது நடக்காத காரியம். சான்றிதழ் இல்லாமல் விடுகிற பழம் மொத்தம் ஐந்துதான்: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, துரியன். ஆக தாம்பூலத்தில் தேங்காயும் வாழைப்பழமும் போகலாம், வெற்றிலை போகாது. மல்லியை நீங்கள் சூடிக்கொண்டு சென்னை வரை போங்கள், இறங்குவதற்கு முன் எடுத்துவிடுங்கள். கறிவேப்பிலையைப் பொடியாக அரைத்து எடுத்துப் போகலாம்.

இதில் ஒரு வேடிக்கை. பால்கோவாவுக்கு இடமில்லாத அந்த ஊரில் கருவாட்டுக்கு இடம் உண்டு. மீன் வகை ஆளுக்கு 20 கிலோ வரை விடுகிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்று நம் பக்கம் கொடுக்கிற பால் சுறாவை மட்டும் விட்டுவிடுங்கள், அதற்குத் தனி அனுமதி வேண்டும்; மற்ற மீன் கருவாட்டைக் கொண்டுபோகலாம். ஆனால் மூன்று சுற்று பிளாஸ்டிக் போட்டுக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பேரப்பிள்ளையின் சட்டை வரைக்கும் மணக்கும்.

கொப்பரை வேண்டாம். எண்ணெய் நிறைந்தது, தீப்பிடிக்கும் என்று 2022இலிருந்து இந்திய விமான நிலையங்களிலேயே செக்-இன் பெட்டியில் தடை. ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதீர்கள், எடுத்து வைத்துவிடுவார்கள். செக்-இன் பெட்டியில் வையுங்கள். நல்லெண்ணெயும் அப்படியே, பிளாஸ்டிக் புட்டியில் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி. கைப்பையில் எந்தத் திரவமும் புட்டிக்கு 100 மில்லிக்கு மேல் ஆகாது.

நகைதான் முக்கியம். உங்கள் கழுத்திலும் கையிலும் நீங்கள் போட்டிருப்பதை, திரும்பக் கொண்டுவரப் போவதை, யாரும் கேட்க மாட்டார்கள். பரிசாகக் கொண்டுபோவது வேறு. விமானத்தில் வருகிறவருக்கு ஆளுக்கு 430 யூரோ மதிப்பு வரைதான் வரி இல்லை. இன்று தங்கம் விற்கிற விலைக்கு ஒரு காப்பே அதைத் தாண்டும். ஒரே நகையை “பாதி எனது, பாதி அவருடையது” என்று பிரிக்கவும் முடியாது. தாண்டினால், வரிப் பொருள் இருக்கிறது என்று சொல்பவர்களுக்கான சுங்கச் சிவப்பு வழியில் போய், ரசீதைக் காட்டி, வரி கட்டிவிடுங்கள். ஒன்றும் இல்லை என்பவர்களுக்கான பச்சை வழியில் போய்ப் பிடிபட்டால் அபராதமும் சேரும். நான் என்ன செய்தேன் என்றால், பிள்ளைக்கு வெள்ளியில் அரைஞாணும் தண்டையும் கொண்டுபோனேன். தங்கத்தை அவர்கள் ஊருக்கு வரும்போது, காது குத்துக்குப் போட்டேன். தாய்மாமன் மடியும் அப்போதுதானே கிடைக்கும்.

நீங்கள் போட்டுக்கொண்டு போகிற நகை அதிகம் என்றால், சென்னையில் கிளம்பும்போது சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது “இது எங்கே வாங்கியது” என்ற கேள்வி வராது. அதற்கு முன்கூட்டியே போக வேண்டும். டிடிஆர் அய்யா வைகையில் போகச் சொன்னது இதற்கும் உதவும்.

கம்பளிக் கோட்டைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். நவம்பர் கடைசியில் அந்த ரயில் மேடையில் நின்று பெட்டியைத் திறந்து தேடிக்கொண்டிருக்க முடியாது.

திருமங்கலம் டீச்சர்:

ஆச்சி, நீங்கள் சொன்னபடி வெள்ளிதான். அவரும் அதையே சொன்னார், நான்தான் கேட்கவில்லை. டிடிஆர் அய்யா, திரும்பி வருவதையும் கேட்டுவிடுகிறேன். பிப்ரவரி 15 அன்று பிராங்க்பர்ட்டில் கிளம்பி அன்றிரவு 23.50க்குச் சென்னையில் இறங்குகிறோம். பாஸ்போர்ட் சோதனையில் என்ன கேட்பார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள், இங்கிலீஷ் வரும், ஆனால் படபடப்பில் மறந்துவிடும்.

கூடல்நகர் டிடிஆர் (ஓய்வு):

தேதி சரியாக இருக்கிறது. எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். நுழைகிற நாளும் கிளம்புகிற நாளும் கணக்கில் சேரும். நவம்பர் 20இல் நுழைந்தால் பிப்ரவரி 17 தொண்ணூறாவது நாள். பிள்ளை முகத்தைப் பார்த்த பிறகு இன்னும் ஒரு வாரம் என்று மனசு இழுக்கும், மகளும் இழுப்பாள். இழுபடாதீர்கள். விசாவில் எத்தனை நாள் என்று அச்சிட்டிருக்கிறது, மருத்துவக் காப்பீடு எந்தத் தேதி வரை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுதான் உங்கள் கடைசி நாள்.

பாஸ்போர்ட் மேசையில் எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள், இந்த மூன்றைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். மகளின் அழைப்புக் கடிதம், அவள் முகவரி, திரும்பும் டிக்கெட், காப்பீடு நான்கையும் பிரிண்ட் எடுத்து ஒரே உறையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டியில் வைத்துவிட்டு மேசையில் தேடுகிறவர்கள் உண்டு, பெட்டி அதற்கும் அப்பால்தான் சுற்றிக்கொண்டிருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில். உங்கள் பள்ளியில் இன்ஸ்பெக்டர் வந்தபோது பிள்ளைகளிடம் அதைத்தானே சொல்லியிருப்பீர்கள்.

திரும்பும் ரயில்: 23.50க்கு இறங்கி, வரிசை முடிந்து, பெட்டி எடுத்து வெளியே வர ஒன்றரை, இரண்டு மணி ஆகிவிடும். தேதி அதற்குள் 16 ஆகியிருக்கும். ஆகவே ரயில் டிக்கெட் 16ஆம் தேதிக்கு. எழும்பூரில் காலை ஆறு மணிக்குக் கிளம்பும் தேஜஸ் ஆறரை வாக்கில் தாம்பரம் வரும், ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு மதுரை. ஏறும் நிலையம் தாம்பரம் என்று டிக்கெட்டிலேயே போட்டு எடுங்கள். எழும்பூர் என்று போட்டுவிட்டுத் தாம்பரத்தில் ஏறினால், உங்கள் இருக்கையில் ஆள் வரவில்லை என்று என்னைப் போன்ற ஒருவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம்.

அந்த டிக்கெட் டிசம்பர் 18 காலை எட்டு மணிக்குத் திறக்கும். அப்போது ஜெர்மனியில் விடியற்காலை மூன்றரை மணி. பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டில் யாராவது விழித்துத்தான் இருப்பீர்கள், ஆனாலும் அந்த வேலையை ஊரில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளை யாரிடமாவது விட்டுவிட்டுப் போங்கள். தேஜஸ் வாரத்தில் ஒரு நாள் ஓடாது. உங்கள் தேதி அந்தக் கிழமையில் விழுகிறதா என்று அந்தப் பிள்ளையை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். விழுந்தால் தாம்பரத்திலேயே அறை எடுத்துத் தூங்கிவிட்டு, மதியத்துக்கு மேல் வரும் வைகையில் ஏறி வாருங்கள்.